மேடேறும்போது உறையும் நீர்

அலாஸ்காவில் மட்டனுஸ்கா பனியாற்றின் முனையில், கோடையில் அடியிலிருந்து கலங்கல் நீர் கொப்பளித்து வரும். நல்ல வெயில் நாளிலும் அந்த ஊற்றுவாயைச் சுற்றிப் புதுப் பனி வளரும். தகடு தகடான படிகங்கள். இடுக்கெல்லாம் சாம்பல் நிற வண்டல். ஓடுகிற நீர், அதுவும் கோடையில், ஏன் உறைகிறது?

காரணம் அழுத்தம். அழுத்தம் கூடக்கூடப் பனியின் உருகுநிலை இறங்கும். 1 கிலோமீட்டர் தடிமனான பனிக்கு அடியில் அது பூஜ்ஜியத்துக்குச் சுமார் 0.7 டிகிரி கீழே போய்விடும். மட்டனுஸ்காவின் அடிப்பாறை பள்ளமாகக் குடையப்பட்டிருக்கிறது. அங்கே சேரும் நீர் வெளியே வர எதிர்ச்சரிவில் ஏறியாக வேண்டும். ஏற ஏற மேலுள்ள பனி மெலிந்து அழுத்தம் குறையும், உறைநிலை உயரும். நீரோ பள்ளத்தின் குளிரோடுதான் வருகிறது. ஓட்டத்தின் உராய்வு கொஞ்சம் சூடு தரும். ஆனால் எதிர்ச்சரிவு, பனியின் மேற்பரப்புச் சரிவைப் போல் 1.2 முதல் 1.7 மடங்குக்கு மேல் போனால் அந்தச் சூடு போதாது. நீர் உறையத் தொடங்கும்.

உறையும் படிகங்கள் வலை போல வண்டலைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் பனியாற்றின் அடியில் மண்ணும் பனியும் அடுக்கடுக்காகச் சில மீட்டர் தடிமனுக்கு ஒட்டியிருக்கின்றன. இந்த அடுக்கின் வயதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1950களில் தொடங்கிய ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகள் மழையிலும் பனிப்பொழிவிலும் ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான டிரிட்டியத்தைக் கலந்துவிட்டன. மேலே இருக்கும் பழைய பனியில் அது இல்லை. அடியில் இருக்கும் அடுக்கில் இருக்கிறது. அப்படியென்றால் அந்த அடுக்கு, குண்டுகளுக்குப் பிறகு பெய்த நீர் அடியில் போய் உறைந்து உண்டானது.

அந்தப் பள்ளத்தைக் குடைவது அரிப்பு. பனியில் பதிந்த கற்கள் பாறையைத் தேய்க்கின்றன. நீரழுத்தம் ஏறி இறங்கும்போது விரிசல்கள் வளர்ந்து துண்டுகள் பெயர்கின்றன. ஆனால் தேய்ந்து விழுந்த பாறைமாவை உருகுநீர் அடித்துக்கொண்டு போனால்தான் பாறை மறுபடி பனிக்கு வெளிப்படும். மாவு தங்கிவிட்டால் அதுவே பாறைக்குப் போர்வை.

எதிர்ச்சரிவு மிகவும் செங்குத்தானால் நீர்வழிகள் உறைந்து அடைபடும், வண்டல் அங்கேயே படியும், சரிவு மட்டுப்படும். மட்டுப்பட்டதும் நீர் மறுபடி வேகமெடுத்து வண்டலைக் கழுவும், அரிப்பும் தொடரும். பள்ளம் இந்த இரண்டுக்கும் நடுவே நிலைத்து நிற்கிறது. ஒட்டிக்கொண்ட மண்ணைப் பனி முனைவரை சுமந்துவந்து உருகும். அங்கே கல்லும் களிமண்ணும் பிரியாமல் குவியலாகக் கிடக்கும்.