சொசேஜ் கொடுத்தால் இறைச்சி கொடுத்த மாதிரியா?

"முட்டையைத் தொடவே மாட்டேங்குறான் மிஸ், அதான் தினமும் சொசேஜ் பொரிச்சுக் குடுக்குறேன்." நிறை கூடாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்துத் தாய்மார் இப்படிச் சொல்லாத கிளினிக் நாளே இப்போது இல்லை. இந்த வாரமும் கேட்டுவிட்டேன். பொறுமை போய்த்தான் எழுதுகிறேன்.

அம்மாமாரே, சொசேஜ் இறைச்சிக்கு ஈடாகாது. இறைச்சியோடு கொழுப்பு, தண்ணீர், உப்பு, பலசமயம் மாவும் சேர்த்து அரைத்து உறையில் அடைத்ததுதான் அது. ஜெர்மன் குடியேறிகளோடு அமெரிக்கா போய், 19ஆம் நூற்றாண்டில் நியூயோர்க் பக்கம் பணிஸுக்குள் புகுந்து ஹொட் டோக் ஆனது. அங்கேயும் அது நின்றபடி கடித்துவிட்டுப் போகிற தெருத் தீனிதான்; பிள்ளை வளர்க்கும் சாப்பாடு அல்ல.

கணக்கைப் பாருங்கள். 45 கிராம் மாட்டிறைச்சி சொசேஜ் ஒன்றில் புரதம் சுமார் 5 கிராம், கொழுப்பு சுமார் 13 கிராம். ஒரு முட்டையில் புரதம் 6 கிராம், கொழுப்பு 5 கிராம். சோடியம் முட்டையில் 70 மில்லிகிராம் அளவு, சொசேஜில் 400க்கும் மேல். அதாவது ஒரே சொசேஜில் ஒரு கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "நாங்க சிக்கன் சொசேஜ்தானே வாங்குறோம்" என்பீர்கள். கொழுப்பு குறையும், சரி. உப்பு அப்படியேதான் இருக்கும்.

பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று 2015இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது. டவுனுக்குப் போன நாளில் ஒரு ஹொட் டோக் வாங்கிக் கொடுப்பதை நான் தடுக்கவில்லை. "தினமும்" என்ற சொல்தான் எனக்குப் பயம்.

அப்புறம் ஜன்னலோரத்தில் தொங்கும் அந்தச் சொசேஜ் பக்கெட். "நுவரெலியா குளிருக்குக் கெடாது மிஸ்" என்று வெட்டிய பக்கெட்டை லயத்து வீட்டு ஆணியில் தொங்கவிடாதீர்கள். பிரிட்ஜ் 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். நம் மலையில் பகல் 20 பாகையைத் தொடும். பிரிட்ஜ் இல்லையா, அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். கர்ப்பிணிகள் ஆவி பறக்கச் சூடாக்காமல் வாயில் வைக்கவே கூடாது. நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு வட்ட வட்டமாக நறுக்கிக் கொடுக்காதீர்கள், தொண்டையை அப்படியே அடைத்துவிடும். நீளவாக்கில் பிளந்து, பொடியாக நறுக்குங்கள்.

முட்டை பிடிக்காத பிள்ளைக்கு ரொட்டி மாவிலேயே ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்து சுட்டுக் கொடுங்கள். அவித்த கடலையை மசித்து நடுவில் வைத்தால் இன்னும் நல்லது. ஒரு மாதம் செய்து பாருங்கள், அடுத்த கிளினிக்கில் நிறுத்துப் பார்ப்போம்.