விக்ட்ரோலா: சொல்லும் பொருளும் பெட்டியும்

விக்ட்ரோலா, பெயர்ச்சொல். ஒலிக்கூம்பு வெளியே தெரியாமல் மரப்பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கும் கிராமபோன். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்துக் கேம்டன் நகரில் இருந்த விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனி 1906இல் இந்தப் பெயரோடு முதல் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவி கொடுத்து ஓடும் பழைய கிராமபோன் எதைப் பார்த்தாலும் விக்ட்ரோலா என்று சொல்கிறார்கள், அது சரியல்ல. பித்தளைக் கூம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், விக்டர் கம்பெனியே செய்திருந்தாலும் அது விக்ட்ரோலா ஆகாது. கூம்பு உள்ளே மறைந்திருந்தாலும் கொலம்பியா கம்பெனியுடையது என்றால் அதன் பெயர் கிராஃபனோலா. எடிசன் 1909இல் உருளை வடிவ ஒலிப்பதிவுகளுக்காகக் கொண்டுவந்த மறைகூம்புப் பெட்டி ஆம்பரோலா.

இந்த ‘ஓலா’வுக்குத் தனிப்பொருள் கிடையாது. 1890களில் பியானோவைத் தானாக வாசிக்கவைத்த ‘பியானோலா’ அமெரிக்க வீடுகளில் பெரும் பெயர் எடுத்தது. அதன் வாலை விக்டர் என்ற பெயரில் ஒட்டியதும் விக்ட்ரோலா பிறந்தது. 1930இல் கார் ரேடியோவுக்கு வைத்த ‘மோட்டோரோலா’ என்ற பெயரிலும் இதே வால்தான் ஆடுகிறது. வணிகப் பெயர் நாளடைவில் பொதுப்பெயராகக் கரைந்துவிட, விக்டர் செய்வது மட்டுமே விக்ட்ரோலா என்று கம்பெனி விளம்பரத்துக்கு விளம்பரம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

இதற்கு மூத்த சொற்கள் இரண்டு. எடிசன் 1877இல் வெள்ளீயத்தகடு சுற்றிய உருளையில் குரலைப் பதித்த கருவி ஃபோனோகிராஃப். கிரேக்கத்தில் ‘ஃபோனே’ என்றால் ஒலி, ‘கிராஃபைன்’ என்றால் எழுதுதல். எமில் பெர்லினர் 1887இல் தட்டைத் தகட்டுக்குக் காப்புரிமை கேட்டபோது அதே வேர்களை முன்பின்னாக மாற்றி கிராமஃபோன் என்றார். அமெரிக்கர்கள் உருளைக்கும் தட்டுக்கும் சேர்த்து ஃபோனோகிராஃப் என்றே சொல்லிப் பழகினர். ஆங்கிலேயர் தட்டுக் கருவியை கிராமஃபோன் என்றனர். இந்தியாவுக்குத் தட்டுகள் வந்தது லண்டன் கிராமபோன் கம்பெனி வழியாக. ஆகவே தமிழிலும் கிராமபோனே நிலைத்தது.

கூம்பை ஏன் ஒளித்தார்கள்? கூடத்தின் நடுவே இரண்டடி அகலத் தகரக் கூம்பு இருந்தால் தூசு படியும், போகிற வருகிறவர் கை இடிக்கும், மற்ற மரச்சாமான்களோடும் ஒட்டாது. விக்டர் கம்பெனியை நடத்திய எல்ட்ரிட்ஜ் ஜான்சன் கூம்பைக் கீழ்நோக்கி மடக்கிப் பெட்டிக்குள் வைத்தார். அதன் வாய்க்கு இரண்டு கதவும் போட்டார். முதல் பெட்டிகளைச் செய்துகொடுத்தது பிலடெல்பியாவின் பூலி மரச்சாமான் கம்பெனி. விலை 200 டாலர். அந்த முதல் பெட்டிகளுக்கு மூடி தட்டையாக இருந்தது, தட்டு சுழலும் இடம் உள்ளே ஆழத்தில் இருந்தது. ஊசி மாற்றுவதற்குக் கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். அடுத்து வந்த குவிந்த மூடி அந்தத் தொல்லையைப் போக்கியது. விக்ட்ரோலா என்றதும் இன்று மனத்தில் வரும் உருவம் அந்தக் குவிந்த மூடிதான்.

கூம்பு உள்ளே போனதும் பெட்டி வெறும் மரச்சாமானாக இல்லை, ஒலிப்பாதையின் ஒரு பகுதியாகிவிட்டது. பழுதுபார்ப்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். வெளியே பளபளப்பாக்கி வைத்துவிட்டுத் தகர டப்பாவில் கத்துவதுபோல் இருக்கிறதே என்பார்கள். ஒலியைச் சரிசெய்யப் போய்ப் பெட்டியின் முன்சட்டத்தை அறுத்துவைத்தவர்களும் உண்டு.

ஒலியின் தன்மையைச் சொல்ல ஆங்கிலத்தில் வரும் ‘டோன்’ என்ற சொல்லில் இங்கே ஓர் எச்சரிக்கை. டோன் என்பதும் தமிழில் புழங்கும் தொனி என்பதும் காதுக்கு ஒன்றுபோல் கேட்டாலும் உறவில்லாதவை. முன்னது இழுத்துக் கட்டுதல் என்ற பொருளுடைய கிரேக்க ‘டோனோஸ்’. பின்னது வடமொழி ‘த்வனி’. தொனி என்றால் இன்று நமக்குப் பேச்சில் தெரியும் உட்பொருளும்தான் நினைவுக்கு வரும். ஆகவே கிராமபோன் விஷயத்தில் ஒலிநயம் என்று எழுதுவது தெளிவு. சுருதி என்று எழுதினால் பிழை. தட்டு சுழலும் வேகம் மாறினால்தான் சுருதி மாறும்.

ஒலிநயம் கெடுவதற்கு முதற்காரணம் பெரும்பாலும் சவுண்ட் பாக்ஸ். ஊசியைப் பிடித்திருக்கும் வட்டமான உலோக டப்பி இது. விக்டரின் எக்ஸிபிஷன், இரண்டாம் எண் வகைகள் இரண்டிலும் உள்ளே காக்காப்பொன் தகடு இருக்கும். பேச்சில் மைக்கா, அதிர்வது இந்தத் தகடுதான். தகட்டை முன்னும் பின்னும் தாங்குவது மெல்லிய ரப்பர் குழாய் வளையம். நூறு ஆண்டு கடந்த ரப்பர் கல்லாகியிருக்கும். தகடு அசைய முடியாமல் உரத்த இடங்களில் ஒலி பிளந்து கேட்கும். காற்றுக் கசிந்து கீழ்ச்சுரங்கள் காணாமல் போகும்.

மாற்றும் முறை: பின்தகட்டின் திருகாணிகளைக் கழற்றுங்கள். மைக்காவின் நடுவில் உள்ள சிறு திருகாணியைத் தொடும் முன், அதன்மேல் இருக்கும் மெழுகைச் சூடான கம்பி முனையால் உருக்கிவிட வேண்டும். மெழுகோடு சேர்த்துத் திருகினால் துளையைச் சுற்றி மைக்கா ஏடு ஏடாகப் பிரியும். அதை ஒட்ட வழியில்லை. பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுமார் 3 மி.மீ. வெளிவிட்டமுள்ள மென்மையான வெள்ளை ரப்பர் குழாயில் இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். நுனிகள் இரண்டும் தொட்டும் தொடாமலும் பொருந்தும் நீளம் வேண்டும். நீளம் கூடினால் வளையம் மேடு தட்டி மைக்காவை வளைக்கும். குறைந்தால் இடைவெளியில் காற்றுப் போகும். ஒரு வளையம், மைக்கா, இன்னொரு வளையம், பின்தகடு என்று அடுக்கி, திருகாணிகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

இதற்குப் பிறகு வருவதுதான் பலர் கோட்டைவிடும் இடம். ஊசி தாங்கியின் மேல்நுனி மைக்காவின் நடுவைத் தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது. சும்மா தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். எக்ஸிபிஷன் வகையில் தாங்கியின் இருபுறமும் உள்ள சிறு வில்களைச் சரிசெய்து இந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகே நடுத்திருகாணியை முடுக்குங்கள். கடைசியில் அதன்மேல் ஒரு சொட்டுத் தேன்மெழுகு. அந்தச் சொட்டை விட்டுவிட்டால் ‘கிர்’ரென்று ஓர் இரைச்சல் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது ஒலிப்பாதை. சவுண்ட் பாக்ஸிலிருந்து டோன் ஆர்ம் என்னும் குழாய்க் கை வழியாக இரும்பு முழங்கை, அதிலிருந்து மரக்கூம்பு. இந்த மூன்று மூட்டுகளில் எங்கே கசிந்தாலும் ஒலி மெலியும். மோட்டார் பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, இருட்டில் ஒரு சிறு விளக்கைக் கூம்பின் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் கீறும் இடமெல்லாம் காற்றும் போகும் இடம். நிலையான மூட்டில் தேன்மெழுகும், அசையும் மூட்டில் கெட்டி கிரீஸும் போதும். சிலிக்கான் பசை வேண்டாம். அடுத்த முறை கழற்றுபவர் மரத்தையே பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கும். மரக்கூம்பில் விரிசல் இருந்தால் மெல்லிய மரச்சீவலை வச்சிரப் பசையில் தோய்த்துச் செருகலாம். கரகரப்பைக் குறைக்கிறேன் என்று கூம்புக்குள் பஞ்சும் ஃபோமும் அடைப்பதைச் செய்யவே கூடாது. கரகரப்போடு பாட்டும் போய்விடும். ஒலியைக் குறைக்கத்தான் கதவு இருக்கிறது, மெல்லிய ஊசியும் இருக்கிறது.

ஊசி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எஃகு ஊசி தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒன்று. கருமித்தனம் பார்த்து ஒரே ஊசியில் நான்கு பக்கம் ஓட்டினால் தேய்ந்த முனை உளியாக மாறித் தட்டை உழுதுவிடும். தடித்த ஊசி உரத்து ஒலிக்கும், மெல்லியது அடங்கி ஒலிக்கும். மூங்கிலில் செய்த நார் ஊசிகளும் இருந்தன. தட்டுக்கு இதம், ஒலி இன்னும் தணிந்தது. வினைல் பிளாஸ்டிக்கில் செய்த பிற்கால எல்.பி. தட்டுகளை இதில் வைக்கவே கூடாது. 100 கிராமுக்கு மேல் அழுத்தும் சவுண்ட் பாக்ஸ் ஒரே ஓட்டத்தில் வினைல் பள்ளத்தைச் சிதைத்துவிடும்.

1925இல் வந்த ஆர்தோஃபோனிக் விக்ட்ரோலா பெயரில் ஒன்று, இயல்பில் வேறு. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் பொறியாளர்கள் கணக்கிட்டுத் தந்த, படிப்படியாக ஒரே விகிதத்தில் விரியும் கூம்பைப் பலமுறை மடித்து உள்ளே வைத்தார்கள். கிரெடென்ஸா என்ற பெரிய வகையில் அதன் நீளம் சுமார் 6 அடி. அதிரும் தகடும் மைக்கா அல்ல, அலுமினியக் கலவை. அதன் சவுண்ட் பாக்ஸ் உடல் மட்டமான துத்தநாக வார்ப்பு. அது காலத்தால் உப்பி வெடிக்கும். பழக்கமில்லாதவர்கள் அதைத் திருக முயலாமல் இருப்பதே நல்லது.

இனித் தோற்றம். முதலில் மேல்பூச்சு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெட்டியின் பின்பக்கக் கீழ்மூலையில், பஞ்சில் நனைத்த ஸ்பிரிட்டை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கில் செய்த ஷெல்லாக். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லேக்கர் தின்னருக்கு இளகினால் நைட்ரோ லேக்கர். இது பெரும்பாலும் 1920களின் பிற்பாதிப் பெட்டிகளில் வரும். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷ்.

பூச்சைக் களைவது கடைசி வழி. பழைய மெழுகும் அழுக்கும் டர்பன்டைன் தொட்ட துணிக்கே வந்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மரத்தகடான வெனீர் எழும்பும். எழும்பிய வெனீரின் அடியில் பழைய வச்சிரம் இன்னும் இருந்தால், ஈரத்துணி விரித்து மிதமான இஸ்திரிப்பெட்டியை வைத்து எடுத்து, பலகையும் பாரமும் ஏற்றி ஓர் இரவு விட்டாலே ஒட்டிக்கொள்ளும். வெடிப்பு விட்ட ஷெல்லாக் பரப்புக்கு ஒரு வசதி உண்டு: ஸ்பிரிட்டைத் தூரிகையால் ஒரே போக்கில் தடவினால் பழைய பூச்சே கரைந்து பரவி மறுபடி படியும். பலகை படுக்கையாக இருக்க வேண்டும், தடவிய இடத்தில் திரும்பவும் தூரிகை படக்கூடாது.

புதிதாகப் பூசுவதானால் மெழுகு நீக்கிய ஷெல்லாக் செதில் 120 கிராம், ஸ்பிரிட் 1 லிட்டர். இது மெல்லிய கரைசல். தூரிகைக்கு 240 கிராம் வரை போகலாம். ஓர் இரவு ஊறவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். கலந்தது 6 மாதத்துக்கு மேல் நிற்காது. ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுப் பாருங்கள், மறுநாளும் நகம் பதிந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். மழைநாளில் பூசினால் ஈரத்தை இழுத்து வெண்மை பூக்கும். மூடியின் உள்பக்கம் உள்ள விக்ட்ரோலா எழுத்து, கம்பெனி முத்திரையான நாய்ப்படம் ஒட்டிய இடம் இவற்றின் பக்கம் ஸ்பிரிட் போகவே கூடாது. பொன்முலாம் பூசிய பிடிகளைப் பித்தளைப் பாலிஷால் தேய்த்தால் முலாம் துணியோடு வந்துவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும்.

ஷெல்லாக்குக்குத் தமிழில் அவலரக்கு என்ற நல்ல சொல் இருக்கிறது: அவல்போல் தட்டையான செதிலாக்கிய அரக்கு. அந்த அரக்கில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது இந்தியாவிலிருந்துதான். பெட்டிக்கு மெருகாக ஆன அதே பொருள், கற்பொடியும் கரியும் சேர்த்து அழுத்தியபோது நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டாகவும் ஆனது. பெட்டியைத் துடைத்த ஸ்பிரிட் துணியால் தட்டையும் துடைத்தால் பாட்டே கரைந்துவிடும் என்பதற்குக் காரணம் இதுதான்.

விக்ட்ரோலாவுக்குத் தமிழ் என்ன? விக்டர் கம்பெனிப் பெட்டியைக் குறிக்கும்போது சிறப்புப்பெயரை மாற்ற வேண்டியதில்லை, விக்ட்ரோலா என்றே எழுதலாம். வகையைக் குறிக்க மறைகூம்பு கிராமபோன் பொருந்தும். மறைகூம்பு வினைத்தொகை, ஆகவே இடையில் ஒற்று மிகாது. உட்கூம்பு என்றாலும் பிழையில்லை. இசைப்பெட்டி வேண்டாம், அது சீப்புப் பற்களைத் தட்டி ஒலிக்கும் வேறொரு கருவிக்குப் போய்விட்ட பெயர். பாட்டுப்பெட்டி பேச்சுக்கு இனிமையானது, ஆனால் ரேடியோவையும் அப்படியே சொன்னோம். பேழை பழைய அழகிய சொல்லானாலும் இன்றைய செய்தித்தாளில் அது சவப்பெட்டியைத்தான் நினைவூட்டுகிறது. கேபினட்டுக்குப் பெட்டியே போதும். ஃபோனோகிராஃபுக்கு ஒலிவரைவி என்று வேர்ப்பொருள் மாறாமல் சொல்லலாம். ரெக்கார்டுக்கு இசைத்தட்டு ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

வாக்கியத்தில்: “மகோகனி மரத்தில் செய்த, தரையில் நிற்கும் மறைகூம்பு கிராமபோன், விக்டர் கம்பெனியின் விக்ட்ரோலா, அவலரக்கு மெருகு, மைக்கா சவுண்ட் பாக்ஸுக்குப் புது ரப்பர் வளையம்.”