தீசிஸ் ஸ்டேட்மென்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஆங்கிலத்தில் கட்டுரை எழுதக் கற்பவர்கள் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் சொல் 'தீசிஸ் ஸ்டேட்மென்ட்'. ஒரு கட்டுரை எந்தக் கருத்தை நிறுவப் பாடுபடுகிறதோ, அதை ஒன்றிரண்டு வரியில் நேராகச் சொல்லிவிடும் வாக்கியம் அது. பெரும்பாலும் முன்னுரையின் கடைசியில் வரும். பொருள் இவ்வளவுதான். தமிழில் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டால்தான் குழப்பம். இயந்திர மொழிபெயர்ப்பில் 'ஆய்வறிக்கை அறிக்கை' என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். தீசிஸ் என்றால் ஆய்வறிக்கை, ஸ்டேட்மென்ட் என்றால் அறிக்கை என்று இரண்டையும் ஒட்டிப் பிறந்தது அது. நான்கு பக்கக் கட்டுரைக்குள் ஆய்வறிக்கை எங்கிருந்து வந்தது என்று படிப்பவர் விழிப்பார்.

'தீசிஸ்' கிரேக்கச் சொல். 'வைத்தல்' என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த பெயர். வைப்பது, வைக்கப்பட்டது என்பதே அதன் நேர்ப்பொருள். கிரேக்க யாப்பில் தாளத்துக்குக் காலைத் தரையில் வைப்பதற்கும் இதே பெயர்தான். சிந்தசிஸ் சேர்த்து வைத்தது, ஆன்டிதீசிஸ் எதிரே வைத்தது, ஹைப்பாதசிஸ் அடியில் வைத்தது. இந்தக் கிரேக்க வினைக்கும் வடமொழியில் 'வை' என்று பொருள்படும் 'தா' (dhā) என்னும் வினையடிக்கும் மூலம் ஒன்றே. அந்த வடமொழி அடியிலிருந்து வந்தவைதான் நாம் அன்றாடம் புழங்கும் நிதி, விதி, சந்தி எல்லாம். அந்த வகையில் தீசிஸ் நமக்கு அவ்வளவு அந்நியமில்லை. 'கருத்தை முன்வைக்கிறேன்' என்று தமிழில் சொல்கிறோமே, அந்த 'வைக்கிறேன்'தான் தீசிஸின் உயிர்.

இதைக் கலைச்சொல்லாக வரையறுத்தவர்களில் அரிஸ்டாட்டில் முக்கியமானவர். வாதக்கலை பற்றிய 'டாபிக்ஸ்' நூலில், பெயர்பெற்ற மெய்யியலாளர் ஒருவர் பொதுக்கருத்துக்கு மாறாகக் கொண்ட கொள்கையே தீசிஸ் என்கிறார். எல்லாம் இயங்கிக்கொண்டே இருக்கின்றன என்ற ஹெராக்ளிட்டஸின் கொள்கை அவர் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று. மறுத்துப் பேசுவது என்பதே இயலாது என்ற ஆண்டிஸ்தனிஸின் கூற்று இன்னொன்று. யாரோ ஒருவர் ஊருக்கு மாறாக எதையாவது சொன்னார் என்பதற்காக அதைப் பொருட்படுத்துவது வீண் என்றும் சேர்த்துச் சொல்கிறார். கொஞ்சம் மேட்டிமைத்தனம்தான், இருக்கட்டும். எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைத் திரும்பச் சொன்னால் அது தீசிஸ் ஆகாது என்பதுதான் இதில் நமக்கு வேண்டிய செய்தி.

பின்னால் வந்த சொற்கலை ஆசிரியர்கள் இந்தச் சொல்லை வேறு பக்கம் திருப்பினார்கள். 'மணம் செய்துகொள்ள வேண்டுமா?' என்ற பொதுக்கேள்வி தீசிஸ். 'கேட்டோ மணம் செய்துகொள்ள வேண்டுமா?' என்று கேட்டோ (Cato) என்ற ரோமானியரைப் போல ஓர் ஆளுக்குப் பொருத்திக் கேட்டால் அது ஹைப்பாதசிஸ். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அவையின் முன் நின்று காத்துப் பேச வேண்டிய கூற்று என்ற பொருள் வலுத்தது. 1517இல் மார்ட்டின் லூதர் வெளியிட்டவை 95 தீசிஸ்கள் என்றால், 95 ஆய்வேடுகள் அல்ல; விவாதத்துக்கு வைத்த 95 கூற்றுகள். பட்டத்துக்காக ஒரு கூற்றைக் காத்துப் பேசும் வழக்கம் வளர வளர, கூற்றின் பெயர் அதைத் தாங்கிய ஏட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. 'ஆய்வறிக்கை அறிக்கை' என்ற விபரீதத்துக்கு வித்து இங்கேதான்.

சரி, தமிழில் இதற்கு இடமே இல்லையா? நிறையவே இருக்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதை தருக்கத்தின் ஐந்து உறுப்புகளைச் சொல்கிறது. முதலாவது 'பக்கம்'. 'இம்மலை நெருப்புடைத்து' என்பது பக்கம், 'புகையுடைத்து ஆதலால்' என்பது ஏது, அதாவது காரணம்; அடுக்களை போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. தீசிஸ் இருக்கும் இடம் அந்தப் 'பக்கம்'தான். மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரங்களையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பிரித்து நிறுவுகிறது. அங்கே மேற்கோள் என்பது பிறர் சொன்னதை எடுத்தாள்வது அல்ல. ஆசிரியர் தாம் மேற்கொண்டு நிறுவப்போகும் கூற்று. இன்று ஆசிரியர் 'உன் மேற்கோளை எழுது' என்றால், மாணவர் ஒரு குறளை எழுதிவிட்டு நிமிர்வார். அருமையான சொல், வேறு வேலைக்குப் போய்விட்டது.

என்னைக் கேட்டால் இவற்றையெல்லாம்விட நன்னூல்தான் விஷயத்துக்கு நெருக்கம். நூலாசிரியர் கொள்ளக்கூடிய நிலைகளை எழுவகை மதம் என்று பவணந்தியார் வகுக்கிறார். அதில் ஒன்று 'தாஅன் நாட்டித் தனாது நிறுப்பே'. தானே ஒன்றை நாட்டி, அதைக் கடைசிவரை நிலைநிறுத்துவது. கிரேக்கத்தின் 'வைத்தலு'க்கு இந்த 'நாட்டல்' கொஞ்சமும் குறைந்ததல்ல. வைத்தது விழாமல் காக்கும் கடமையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. 'இருவர் மாறுகோள் ஒருதலை துணிவே' என்பது இன்னொன்று: இரண்டு பேர் மாறுபட்டுச் சொன்னால், ஒரு பக்கத்தைத் துணிந்து கொள்வது. கட்டுரை எழுதுபவர் முழிக்கும் இடமே அதுதான்.

இன்றைக்குப் புழங்க ஒரு சொல் வேண்டுமே. 'மையக் கருத்து' என்பதைத்தான் பலரும் சொல்கிறார்கள். ஆனால் மையக் கருத்து என்ன என்று கேட்டால் 'நேர்மை', 'வீட்டுப்பாடம்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். அது தலைப்பு, அதில் யாரும் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. 'கருதுகோள்' ஹைப்பாதசிஸுக்கு என்று நிலைத்துவிட்டது. சோதித்துப் பார்ப்பதற்கு முன் தற்காலிகமாகக் கொள்வதை அது குறிக்கும், அதை இங்கே இழுத்தால் இரண்டும் கெடும். ஆய்வேடு, ஆய்வுரை இரண்டும் ஏட்டைக் குறிப்பவை. 'துணிபு' பொருளில் பொருந்துகிறது, ஆனால் பாதிப்பேர் அதைத் துணிவு என்று படிப்பார்கள். 'நிலைப்பாடு' செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த சொல். உங்கள் நிலைப்பாடு என்ன என்று ஒருவரிடம் கேட்டால், எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். ஸ்டேட்மென்டுக்கு அறிக்கை வேண்டாம். தேர்வுத்தாளில் வரும் 'கூற்று, காரணம்' இணையிலிருக்கும் கூற்றே போதும். 'நிலைப்பாட்டுக் கூற்று' என்று சொல்லலாம். சற்று நீளம்தான், ஆனால் விளக்கம் கேட்காமலே புரியும்.

அந்தப் பெயர் எழுதுவதற்கும் வழிகாட்டும். தொடக்கப் பள்ளியில் வீட்டுப்பாடம் பற்றி ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். முதலில் கைக்கு வருவது இதுதான்: 'இக்கட்டுரையில் வீட்டுப்பாடத்தின் நன்மை தீமைகளைக் காண்போம்.' வாங்க என்று கூப்பிடுகிறது, எதைக் காட்டப்போகிறது என்று சொல்லவில்லை. அடுத்தது: 'வீட்டுப்பாடம் மாணவர் வாழ்வில் முக்கியப் பங்கு வகிக்கிறது.' யார் இல்லை என்றது? அரிஸ்டாட்டில் இந்த இடத்திலேயே எழுந்து போயிருப்பார். 'தொடக்கப் பள்ளியில் வீட்டுப்பாடம் கூடாது' என்று எழுதினால் ஒரு பக்கம் நின்றாயிற்று. ஆனால் காரணம் இல்லாததால் வெறும் அடம் போல ஒலிக்கிறது. இப்போது இதைப் பாருங்கள்: 'பயிற்சி தேவைதான் என்றாலும், தொடக்கப் பள்ளியில் வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் தரக்கூடாது, ஏனென்றால் அது பிள்ளையின் திறமையைவிட, வீட்டில் சொல்லித்தர ஆள் இருக்கிறதா என்பதையே அதிகம் அளக்கிறது.'

இதில் மூன்று மாற்றங்கள் நடந்திருக்கின்றன. 'வீட்டுப்பாடம்' என்ற பரந்த பொருள் 'மதிப்பெண் தருவது' என்று சுருங்கிவிட்டது. நான்கு பக்கத்தில் தாங்கக்கூடிய அளவு அதுதான். 'ஏனென்றால்' வந்ததும் கட்டுரையின் உடற்பகுதியில் என்ன எழுத வேண்டும் என்பது தானாகவே முடிவாகிவிட்டது: வீட்டு உதவி மதிப்பெண்ணை எப்படி மாற்றுகிறது என்று காட்ட வேண்டும், வகுப்பிலேயே பயிற்சி தர முடியுமா என்று பேச வேண்டும். பிள்ளைகளின் தூக்கம், கண் வலி, விளையாட்டு நேரம் எல்லாம் நல்ல விஷயங்களே, ஆனால் இந்தக் கட்டுரைக்கு வெளியே. 'என்றாலும்' செய்யும் வேலை இன்னும் நுட்பமானது. எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை ஏற்றுக்கொண்டு, அதைத் தாண்டிச் செல்கிறது. நன்னூலில் இதற்கும் பெயர் இருக்கிறது: 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவே'.

கேள்வியாக எழுதி நிறுத்திவிடுவது இன்னொரு பழக்கம். 'வீட்டுப்பாடம் தேவையா?' என்பது தலைப்புக்கு அழகு. கூற்றாக வேண்டுமென்றால் பதிலும் வேண்டும். மூன்று காரணங்களை காற்புள்ளி போட்டு அடுக்கி, காரணத்துக்கு ஒரு பத்தி என்று எழுதச் சொல்லித்தரும் முறையும் உண்டு. தேர்வு நேர அவசரத்துக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் மூன்றில் ஒன்று எண்ணிக்கைக்காக வந்தது என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும். வலுவான ஒரு காரணத்தைத் தோண்டிக்கொண்டே போகும் கட்டுரைதான் எனக்குப் பிடிக்கும்.

கூற்று கச்சிதமாக அமைந்த பிறகுதான் எழுத உட்கார வேண்டும் என்றும் இல்லை. தோராயமாக ஒன்றை வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள். முடிவுரைக்கு வரும்போதுதான் நாம் உண்மையில் என்ன நினைக்கிறோம் என்பது பலருக்கும் தெளிகிறது. அந்தத் தெளிந்த வரியைத் தூக்கி முன்னுரையில் போட்டுவிட்டு, அப்புறம் நடுப்பத்திகளைச் சரிபார்க்கலாம். அந்த வரிக்கு உதவாத பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டத்தான் வேண்டும்.

எல்லா எழுத்துக்கும் இது தேவை என்று நினைக்க வேண்டாம். நினைவுக்குறிப்பு, பயணக்கதை, நடைச்சித்திரம் ஆகியவற்றில் நிலைப்பாட்டுக் கூற்றைத் தேடுவது வீண் வேலை. இலக்கியக் கட்டுரையில் கூற்று கடைசிப் பத்தியில் வந்தாலும் பொறுமையுள்ள வாசகர் காத்திருப்பார். தேர்வுத்தாள் திருத்துபவரும் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பக் கட்டுரை வாசிப்பவரும் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு எழுதும்போது அது முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.