ஒற்றைத் துளையா, ஒற்றைக் கீறலா?

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனைப் பலகையில் 'ஒற்றைத் துளை சாவித்துவார அறுவை சிகிச்சை' என்று எழுதியிருப்பதை மூன்றாம் முறையாகப் பார்த்துவிட்டேன். பித்தப்பை அழற்சியோடு ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த என் அத்தையும் அதை நம்பி, "ஒரே துளைதானாம், தழும்பே இருக்காதாம்" என்றார்.

சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் வயிற்றுக்குள் நுழைத்துச் செய்யும் இந்த அறுவையின் மருத்துவப் பெயரான 'லேப்ராஸ்கோபி' கிரேக்கச் சொல்: 'லபாரா' விலாவுக்குக் கீழுள்ள மென்பகுதி, 'ஸ்கோபெயின்' பார்த்தல். சாவித்துவாரம் ('கீஹோல்') ஆங்கிலேயர் வழக்கு; அதைப் பெயர்த்தால் போர்த்துகீசியச் சாவியும் வடமொழித் துவாரமும்தான் கையில் மிஞ்சும். 'நுண்துளை அறுவை' என்ற நல்ல தமிழ் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

என் பெரிய வழக்கு 'ஒற்றைத் துளை'யோடு. பித்தப்பையை அகற்றும் வழக்கமான முறையில் வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச் செய்து, 5 முதல் 10 மில்லிமீட்டர் அளவில் பொதுவாக நான்கு துளைகள் இடுவர். 'ஒற்றைத் துளை' எனப்படும் முறையிலோ தொப்புளில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறி, கேமராவையும் கருவிகளையும் அதன் வழியே சேர்த்து நுழைப்பர். குத்தி உண்டாவது துளை, நீளவாக்கில் வெட்டுவது கீறல். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் இவ்விரண்டையும் யாரும் குழப்புவதில்லை. 1997இல் இத்தாலிய மருத்துவர் நவாராவும் குழுவினரும் இம்முறையை வெளியிட்டபோது 'ஒரு காயம்' என்ற பொருள்படவே பெயரிட்டனர். 'சிங்கிள் போர்ட்' என்ற ஆங்கிலப் பெயரில் 'போர்ட்' என்பது கருவி நுழையும் குழாய். அதைத் துளை என்று பெயர்த்ததில்தான் பிழை தொடங்கியிருக்க வேண்டும். அகராதியைப் புரட்டும் மொழிபெயர்ப்பாளர், அறுவை அரங்கில் நடப்பதையும் ஒருமுறை கேட்டறிந்திருக்கலாம்.

'ஒற்றைத் துளை' என்று கேட்பவர் நான்கில் மூன்று குறைந்ததாகக் கணக்கிடுவார். உண்மையில் குழாய்கள் ஓரிடத்தில் கூடியிருக்கின்றன, அவ்வளவே. அதனால் கருவிகள் ஒன்றோடொன்று மோதும், அழற்சியால் தடித்து ஒட்டிய பித்தப்பையில் பித்தம் செல்லும் நாளத்தையும் தமனியையும் பிரித்துக் காண்பது கடினமாகும், நேரம் கூடும், பின்னாளில் அக்கீறல் வழியே குடலிறக்கம் வரும் வாய்ப்பும் சற்று மிகுதி. சிக்கலானால் மருத்துவர் கூடுதல் துளைகள் இடுவார், அது தோல்வியன்று. வடு தொப்புளுக்குள் மறைவது மெய். 'தழும்பில்லா' என்பது பொய். ஆகவே 'ஒற்றைக் கீறல் அறுவை' என்பதே சரியான பெயர்.

அத்தையிடம் "தொப்புளில் ஒரு கீறல்" என்றேன். "எத்தனை நீளத்துக்குக் கீறுவாங்க?" என்று உடனே கேட்டார். துளை என்றிருந்தவரை அந்தக் கேள்வி அவருக்கு எழவே இல்லை.