‘நான்தான் காரணம்’ என்று சொல்பவரிடம் என்ன பேசுவது?

“ராத்திரியே கூட்டிட்டுப் போயிருந்தா அப்பா இருந்திருப்பார், டாக்டர்.” தகப்பனை மாரடைப்பில் இழந்த மகன்களும் மகள்களும் மனநல ஆலோசனைக்கு வரும்போது திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். வாயுத் தொல்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்திருப்பார்கள். விடிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

“விதி முடிஞ்சுது, நீ என்ன பண்ணுவே?” என்று உறவினர்கள் தேற்றுவார்கள். அன்பில் வரும் பேச்சுதான், ஆனால் குற்றவுணர்வு அதற்கெல்லாம் அடங்குவதில்லை.

மருத்துவம் சொல்வது வேறு. நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பின்போது நெஞ்சுவலி வராமலே இருக்கலாம். மேல்வயிற்று எரிச்சல், வியர்வை, மூச்சுத்திணறல் மட்டும் தெரியலாம். முடிவு தெரிந்த பிறகு பார்த்தால் எல்லாமே முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதாகத் தோன்றும். மனித மனதின் இந்த இயல்பை உளவியலாளர் பாரூக் ஃபிஷாஃப் 1975இலேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்.

இதை எடுத்த எடுப்பிலேயே சொன்னால், “புரியுது டாக்டர், ஆனா மனசு கேக்கல” என்பார்கள். பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட்டும் இதைக் கவனித்தார். நோயாளிகள் சரியான நியாயத்தைத்தான் தங்களுக்குச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் அதைச் சொல்லும் உள்குரல் கடுமையாக இருக்கிறது. கருணையை மையமாக வைத்த சிகிச்சை முறையை அவர் உருவாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் முதலில் அப்பாவைப் பற்றிப் பேசச் சொல்வேன். அழுகை வந்தால் அழட்டும். பிறகுதான் அந்த இரவுக்குப் போவோம், மணி மணியாக. பதினொரு மணிக்கு உங்களுக்கு என்ன தெரியும்? அப்பா என்ன சொன்னார்? “ஒண்ணுமில்ல, போய்ப் படு”ன்னார் என்று பல பேர் அப்போதுதான் நினைவுகூர்வார்கள். உங்கள் தங்கைக்கு இது நடந்திருந்தால் அவளிடம் எந்தக் குரலில் பேசுவீர்கள் என்றும் கேட்பேன். அந்தக் குரலில் தனக்கே சொல்லிப் பார்க்கப் பலருக்கு நாக்கு எழாது. அதிக நேரம் எடுப்பது இந்த இடம்தான்.

சிலரிடம் உண்மையிலேயே ஒரு தவறு இருக்கும். அப்பா இரண்டு முறை கேட்டும், காலையில் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பார்கள். அவர்களிடம் “உங்க மேல தப்பே இல்லை” என்று நான் சொல்வதில்லை. அது பொய் என்று அவர்களுக்கே தெரியும். பிறகு என் வேறு எந்தச் சொல்லையும் நம்ப மாட்டார்கள். “தாமதிச்சது உண்மை. ஆனா சாகட்டும்னு தாமதிக்கலை” என்பேன். வருந்துவதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த வருத்தத்தைத் தண்டனையாக மாற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

மாதங்கள் கடந்தும் தூக்கமோ வேலையோ சீராகாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நானும் போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்கவே வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.