டெக் என்பதற்குத் தமிழ் கட்டு

குமரி மாவட்டம் தோவாளையில் அக்கா வீட்டுத் திண்ணை. அக்கா ஒரு பக்கம் மாணிக்கமாலை என்ற பூமாலையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவள் மகன் மறுபக்கம் பாய் விரித்து, போகிமான் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டிருந்தான். "புதிதாக ஒரு டெக் போடுகிறேன், மாமா" என்றான். அக்கா நிமிர்ந்து பார்க்காமலே, "சீட்டாட்டமா அது?" என்று கேட்டாள். பையன் முகம் சுண்டிவிட்டது. டெக் என்றபோது அவனுக்கு இருந்த பெருமை, சீட்டு என்றதும் போய்விட்டது. டெக் என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அன்றிலிருந்து மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டே இருக்கிறேன்.

ரம்மி ஆடுகிறவர்களுக்கு டெக் என்றால் 52 சீட்டுகள். யார் வாங்கினாலும் அதே 52. போகிமான், மேஜிக், யூகியோ போன்ற ஆட்டங்களில் அப்படி இல்லை. அச்சான ஆயிரக்கணக்கான சீட்டுகளில் எவை வேண்டும் என்று ஆடுபவரே தேர்ந்து, தமக்கென ஒன்றை அமைத்துக்கொள்கிறார். போகிமானில் சரியாக 60 சீட்டுகள் இருக்க வேண்டும். தாக்குவதற்குச் சக்தி தரும் அடிப்படை எனர்ஜி சீட்டுகள் தவிர, ஒரே பெயருள்ள சீட்டு நான்குக்கு மேல் கூடாது. யூகியோவில் முதன்மை டெக்குக்கு 40 முதல் 60 வரை, ஒரே பெயரில் மூன்று வரை. ஆக, இங்கே டெக் என்பது கையில் இருக்கும் சீட்டுகளை மட்டும் குறிக்கவில்லை. அவற்றைச் சேர்த்த யோசனையையும் சேர்த்தே குறிக்கிறது.

சொல்லின் பிறப்பு டச்சு மொழியில். பழைய டச்சில் 'டெக்' என்றால் கூரை, மூடுகிற பொருள். ஓலை வேய்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'தாட்ச்' இதற்கு உறவு. கப்பலின் உள்ளறைக்குக் கூரையாக இருப்பது மேல்தளம் என்பதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. பல தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதுபோல் சீட்டுகளும் இருப்பதால் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீட்டுக்கட்டுக்கும் அது ஒட்டிக்கொண்டது என்று கருதுகிறார்கள். பிற்காலத்தில் இங்கிலாந்தில் 'பேக்' என்ற சொல் மேலோங்கியது. அமெரிக்கா 'டெக்' என்பதை விடவில்லை. 1993இல் மேஜிக் ஆட்டம் அமெரிக்காவில் வெளிவந்தபோது அந்தச் சொல்லோடுதான் வந்தது. 1996இல் போகிமான் சீட்டாட்டத்தைத் தொடங்கிய ஜப்பானியர்களும் 'டெக்கி' என்றே சொல்கிறார்கள். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுக்காரர்களின் சொல் ஒன்று, இத்தனை ஊர் சுற்றித் தோவாளைத் திண்ணைக்கு வந்திருக்கிறது.

தமிழாக்குகிறேன் என்று சிலர் 'தளம்' என்று எழுதுகிறார்கள். அது கப்பலுக்குப் பொருந்தும், சீட்டுக்குப் பொருந்தாது. 'அடுக்கு' என்பதும் எனக்கு உடன்பாடில்லை. அடுக்கு என்றால் வரிசை குலையாதது. இதையோ ஆட்டம் தொடங்கும் முன் நன்றாகக் கலைத்துக் குலுக்குகிறோம். 'தொகுப்பு' பரவாயில்லை, ஆனால் அவ்வப்போது புதிதாக வெளியாகும் சீட்டு வரிசைக்கு, அதாவது விரிவாக்கத்துக்கு, அந்தச் சொல் தேவைப்படும்.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல் கட்டு. இந்த மாவட்டத்தில் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடும் பெரியவர்களைக் கேட்டுப்பாருங்கள்: ஒரு கட்டைப் பிரித்து, ஏழு முதல் ஏஸ் வரையுள்ள 32 சீட்டுகளை எடுத்துத்தான் ஆடுகிறார்கள். அதைவிட, கட்டு என்பது பெயராகவும் வினையாகவும் நிற்கிறது. மாலை கட்டுகிறோம், வீடு கட்டுகிறோம், பாட்டுக்கு மெட்டுக் கட்டுகிறோம். மூன்றிலும் இருப்பவற்றைத் தேர்ந்து, ஒன்றோடொன்று பொருத்தி, வேறொன்றாக ஆக்குகிறோம். அந்தப் பையன் பாயில் உட்கார்ந்து செய்ததும் அதுதான்.

கட்டுமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களை உலரப் போடுவார்கள். அடுத்து கடலுக்குப் போகும்போது மறுபடி கட்டுவார்கள். புதிய விரிவாக்கம் வந்ததும் பழைய கட்டைப் பிரித்துப் பரப்பி, சிலவற்றை விலக்கி, சிலவற்றைச் சேர்த்துத் திரும்பக் கட்டுவதும் அப்படியே. கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலம் 17ஆம் நூற்றாண்டிலேயே நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது.

அக்கா மகன் கட்டிக்கொண்டிருந்தது டிராகபல்ட் என்ற போகிமானை மையமாகக் கொண்ட கட்டு. 2024 மே மாதம் வந்த ட்விலைட் மாஸ்கரேட் தொகுதியில் உள்ள டிராகபல்ட் எக்ஸ், எதிரில் நிற்பதற்கு 200 புள்ளி சேதம் தரும். கூடவே எதிராளியின் பின்வரிசையில் இருப்பவற்றின்மேல் ஆறு சேதக் காய்களை விருப்பம்போல் பங்கிட்டு வைக்கலாம். ஆனால் டிரீப்பி, டிராக்ளோக் என்று இரண்டு படி ஏறித்தான் டிராகபல்ட் ஆக முடியும். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை வாங்கித் தருவது 2025 ஜனவரியில் பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ் தொகுதியில் வந்த பட்யூ என்ற சின்ன மொட்டுப் போகிமான். அதன் உயிர் வெறும் 30. அடிப்பதும் 10தான். ஆனால் அதற்கு எனர்ஜியே வேண்டாம். அடி வாங்கியவர் தம் அடுத்த முறையில் ஐட்டம் என்ற உதவிச் சீட்டு எதையும் ஆட முடியாது. முதலில் ஆடுபவர் முதல் முறையில் தாக்கக் கூடாது என்பதால், இரண்டாவதாக ஆடுபவர் பட்யூவால் தொடக்கத்திலேயே எதிராளியின் கையைக் கட்டிவிடலாம். மொட்டு விழுந்தாலும், வெற்றிக்காகச் சேர்க்க வேண்டிய பரிசுச் சீட்டுகளில் எதிராளிக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று. அதற்குள் பின்வரிசையில் டிராக்ளோக் ஏறியிருக்கும்.

பட்யூவைத் தனியே பார்த்தால் யாரும் மதிக்கமாட்டார்கள். அக்கா மடித்து வைக்கும் நொச்சி இலையும் அப்படித்தான். அரளிக்கும் ரோஜாவுக்கும் நடுவில் அந்தப் பச்சை இல்லாவிட்டால் மாலையில் மணி பதித்த தோற்றம் வராது. கட்டு என்ற சொல்லுக்கு நான் வாதாடுவது இந்தப் பொருத்தத்துக்காகத்தான்.

ஒரு குறை உண்டு. ஐ உருபு சேர்ந்தால் 'கட்டை' ஆகி மரக்கட்டை நினைவுக்கு வரும். அங்கே 'சீட்டுக்கட்டை' என்று முழுதாக எழுதினால் குழப்பமில்லை. சீட்டு என்றாலே சூது என்று வீட்டில் பயப்படுவார்களே என்றால், பஸ்ஸில் பயணச்சீட்டு வாங்குகிறோம், தேர்தலில் வாக்குச்சீட்டில் முத்திரை குத்தியிருக்கிறோம். சொல்லின்மேல் பழி இல்லை. ஒரு கட்டில் உள்ள சீட்டுகளின் பட்டியலான டெக் லிஸ்ட் என்பதைக் கட்டுப் பட்டியல் எனலாம். ஒரே யோசனையில் அமைந்த கட்டுகளைக் குறிக்கும் ஆர்க்கிடைப் என்பதற்குக் கட்டுவகை போதும்.

இவற்றையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். அவன் பதில் பேசாமல் சீட்டுகளை எண்ணினான். 61 வந்தது. எதை எடுப்பது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அக்காவிடம் திரும்பி, "அம்மா, என் கட்டில் ஒரு சீட்டு கூடிவிட்டது" என்றான். "நடுவில் வைத்துப் பார், எது உறுத்துகிறதோ அதை எடு" என்றாள் அவள், நாரை இழுத்து முடிந்துகொண்டே.