இரண்டு கம்ப்யூட்டரைச் சேர்க்கும் ஐந்து நிமிட வேலையில் விட்டுப்போவது

திருப்பூரில் நான் சர்வீஸ் பார்க்கப் போகும் இடங்களில் பலவற்றில் வீடும் கம்பெனியும் ஒன்றுதான். கீழே பவர் டேபிள் தையல் மெஷின்கள், மாடியில் குடித்தனம். அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் அப்படி ஒரு வீடு. தீபாவளி ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த நேரம். கீழே பில் போடும் கம்ப்யூட்டர், மேலே காலேஜ் படிக்கும் பையனின் லேப்டாப்.

"அம்மிணி, கீழ போடற பில்லு மேல பையன் லேப்டாப்புலயும் தெரியோணும். ஒயரு இழுக்க வேண்டாம், இப்ப செவுத்துல ஓட்டை போட முடியாது. ரூட்டரெல்லாம் பண்டிகை கழிச்சுப் பாத்துக்கலாம்" என்றார் அய்யா. "சரிங்கய்யா" என்று உட்கார்ந்தேன்.

சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் போடுவதற்காகப் போனை யுஎஸ்பியில் மாட்டி நெட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வைஃபை அடாப்டரைச் செருகி, விண்டோஸில் மொபைல் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்தேன். பாஸ்வேர்டாக அவர் சொன்னது கம்பெனி போர்டில் எழுதியிருந்த செல் நம்பர். லேப்டாப் வந்து சேர்ந்துகொண்டது; ஆனால் ஃபோல்டர் தெரியவில்லை. வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்தேன். தெரிந்தது, திறக்கவில்லை. ஷேரிங்கில் போய் 'எவ்ரிஒன்' என்ற பெயருக்கு நேரே 'ஃபுல் கன்ட்ரோல்' டிக் போட்டேன். திறந்தது. லேப்டாப்பில் அதை, சொந்த டிரைவ் போலவே தெரியும் இசட் டிரைவாகவும் வைத்துக் கொடுத்தேன். அம்மா காபி கொடுத்தார்கள். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஜனவரி 10ஆம் தேதி இரவு போன் வந்தது. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு ரிட்டர்ன் போடக் கடைசி நாள். போய்ப் பார்த்தால் கணக்கு ஃபோல்டரில் ஒவ்வொரு ஃபைலின் வாலிலும் புரியாத ஐந்தாறு எழுத்து ஒட்டியிருக்கிறது. ஐகான் எல்லாம் வெள்ளைத் தாள். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு நோட்பேட் ஃபைல். பணம் அனுப்பினால்தான் சாவி என்று அதில் எழுதியிருந்தது.

வைஃபைக்குள் வெளியாள் யாரும் நுழையவில்லை. பையன் வீடியோ எடிட்டிங் மென்பொருள் ஒன்றைக் காசு கொடுக்காமல் கிராக் போட்டு நிறுவியிருக்கிறான். அதற்குள் இருந்த ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், முதலில் அவன் லேப்டாப்பைப் பூட்டியது. பிறகு இசட் டிரைவ் என்று ஒன்று தெரிகிறதே, அதையும் தன் வீட்டு அறையாகவே நினைத்துப் பூட்டியது. எழுத, அழிக்க எல்லா உரிமையையும் நான்தான் கொடுத்து வைத்திருந்தேன். பேக்கப் எடுத்த பென் டிரைவ் பில் கம்ப்யூட்டரின் பின்னால் எப்போதும் செருகியபடியே இருந்தது. அந்தப் பென் டிரைவையும் நான் ஷேர் செய்திருந்தேன். அதுவும் போயிற்று. டெலிவரி சலான் கட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு அவர் வாசிக்க நான் அடித்தேன். நான்கு நாள் ஆயிற்று.

அன்றிலிருந்து ரூட்டர் இல்லாத நேரடி இணைப்பு கேட்கும் எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் கை வைக்கிறேன். இணைப்பு என்பது ஒரு பூட்டு, பகிர்வு என்பது இன்னொரு பூட்டு. வைஃபை பாஸ்வேர்ட் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உள்ளே வந்தவர் என்னென்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிப்பது இரண்டாவது பூட்டு.

முதல் பூட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரூட்டர் இல்லாமல் இரண்டு கம்ப்யூட்டர் நேராகப் பேசும் வழி வைஃபையின் முதல் தரநிலை வந்த 1997லேயே உண்டு. ஆட்-ஹாக் என்பார்கள். விண்டோஸ் எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7லும் மெனுவிலேயே இருந்தது. விண்டோஸ் 8ல் எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் இருப்பது மொபைல் ஹாட்ஸ்பாட்; எட்டுக் கருவிகள் வரை சேரலாம். ஹாட்ஸ்பாட் கொடுக்கும் கம்ப்யூட்டரின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) பொதுவாக 192.168.137.1 என்று இருக்கும். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்க ஆளில்லாமல் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள்.

ஒரு சிக்கல். நெட் எதுவும் இல்லாத கம்ப்யூட்டரில் இந்த ஹாட்ஸ்பாட் ஆன் ஆகாது, பகிர ஒரு இணைப்பு வேண்டும் என்று கேட்கும். காங்கயம் பக்கம் தோட்டத்து வீட்டுக்காரர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, போனின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டு கம்ப்யூட்டரையும் சேருங்கள். பெரும்பாலான போன்களில் இது போதும். தினமும் தேவையென்றால் ஒரு சாதாரண ரூட்டர் வாங்குங்கள். நெட் லைன் இல்லாமலே ரூட்டர் வீட்டுக்குள் வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரியவில்லை. இரண்டு மேசையும் ஒரே அறையில் என்றால் ஒரு லேன் கேபிளே உத்தமம். இரண்டு கம்ப்யூட்டரை நேராகச் சேர்க்க முன்பு தேவைப்பட்ட கிராஸ் கேபிள் இன்றைய கம்ப்யூட்டர்களுக்குத் தேவையில்லை.

பாஸ்வேர்டுக்கு வருகிறேன். செல் நம்பர் வைக்காதீர்கள். இந்திய மொபைல் எண் 6 முதல் 9 வரை ஏதோ ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தமே 400 கோடி எண்கள்தான். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் வைஃபை இணையும் அந்த நொடியைக் காற்றில் பதிவு செய்துகொண்டு போய்விட்டால், நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள ஒரே கம்ப்யூட்டர் சில மணி நேரத்தில் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். பிறந்த தேதியாக எட்டு இலக்கம் வைத்தால் நிமிடக் கணக்கு. போர்டில் எழுதிய எண்ணுக்கு அதுவும் தேவையில்லை. லைன் வீடுகளில் ஒரே சுவரைப் பத்துக் குடும்பம் பகிர்ந்துகொள்கிறது. உங்கள் சிக்னல் சுவரோடு நிற்பதில்லை. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வையுங்கள். 63 எழுத்து வரை இடம் இருக்கிறது.

எம்பிராய்டரி யூனிட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். டிசைன் அனுப்பும் கம்ப்யூட்டர் இன்னும் எக்ஸ்பியில் ஓடும் இடங்கள் உண்டு. எக்ஸ்பியின் ஆட்-ஹாக்கில் கிடைப்பது டபிள்யூஇபி என்ற பழைய பூட்டு. அதை உடைக்கும் வழி 2001லேயே வெளியாகிவிட்டது. இன்றைக்கு அது பூட்டே அல்ல. இன்னொன்று, எக்ஸ்பிக்கு ஃபைல் பகிர எஸ்எம்பி1 என்ற பழைய மொழிதான் தெரியும். அதனோடு பேசுவதற்காகப் புதுக் கம்ப்யூட்டரிலும் எஸ்எம்பி1ஐ ஆன் செய்யச் சொல்லி ஊரெல்லாம் யோசனை சொல்கிறார்கள். 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பாய்ந்தது இந்த வாசல் வழியாகத்தான். ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். பழைய எக்ஸ்பியை எதோடும் சேர்க்காதீர்கள். டிசைனைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து தடவை நடந்தாலும் சரி.

இனி இரண்டாவது பூட்டு. அந்த வீட்டில் நான் செய்த மூன்று தவறும் இங்கேதான்.

ஃபோல்டர் தெரியவில்லை என்றதும் ஃபயர்வாலை முழுதாக அணைப்பது கதவு இறுகுகிறது என்று கதவையே கழற்றி வைப்பது போல. ஃபயர்வால் செட்டிங்ஸில் எந்தெந்த ஆப்பை அனுமதிப்பது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' என்ற ஒரே வரிக்கு டிக் போட்டால் போதும். ஃபோல்டரை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் வேறொரு ஹாட்ஸ்பாட்டில் சேருகிறது என்றால், அந்த ஒரு இணைப்பை மட்டும் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். பஸ் ஸ்டாண்ட், ஹாஸ்டல், டீக்கடை வைஃபை எல்லாம் 'பப்ளிக்' ஆகவே இருக்கட்டும்.

அடுத்தது 'எவ்ரிஒன்'. பில் கம்ப்யூட்டரில் பையனுக்கென்று ஒரு லோக்கல் யூசர் உருவாக்கி அதற்கு ஒரு பாஸ்வேர்ட் வைக்க வேண்டும். பிறகு பகிர வேண்டிய ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, 'கிவ் ஆக்சஸ் டு', 'ஸ்பெசிஃபிக் பீப்பிள்' என்று போய் அந்த யூசரை மட்டும் சேர்க்க வேண்டும். பாஸ்வேர்ட் கேட்கிறதே என்று சலித்துக்கொண்டு 'பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங்'கை அணைக்கக் கூடாது.

மூன்றாவதுதான் என்னை இன்றும் உறுத்துவது. அய்யா கேட்டது பில் தெரிய வேண்டும் என்றுதான். திருத்த வேண்டும் என்று கேட்கவில்லை. அந்த யூசருக்கு நேரே 'ரீட்' என்று மட்டும் வைத்திருந்தால், பையன் லேப்டாப்பில் இருந்த ரான்சம்வேரால் இசட் டிரைவில் ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்க முடியாது. விண்டோஸ் எவ்ரிஒன் பெயருக்குத் தானாகக் கொடுப்பதுகூட ரீட் மட்டும்தான். ஃபுல் கன்ட்ரோல் டிக் நான் கை வைத்துப் போட்டது. பகிர்வதும் முழு டிரைவாக இருக்கக் கூடாது, ஒரே ஒரு ஃபோல்டராக இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே கணக்கில் என்ட்ரி போட வேண்டிய இடங்களில் எழுதும் உரிமை கொடுத்தே ஆகவேண்டும். அங்கே பேக்கப் ஒன்றுதான் காப்பு.

பேக்கப் என்றால் எடுத்து முடித்ததும் கழற்றி வைக்கும் பேக்கப். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். சம்பளம் போட்டு முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, காப்பி எடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள் என்று சொல்கிறேன். இரண்டு டிஸ்க் வைத்துக்கொண்டு வாரம் மாற்றி வாரம் எடுப்பது இன்னும் நல்லது. வேலை முடிந்த இரவில் ஹாட்ஸ்பாட்டையும் ஆஃப் செய்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் வைஃபையை அணையுங்கள், கேபிளை உருவுங்கள். பதற்றத்தில் ஃபார்மட் அடிக்காதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்தோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகாரைப் பதிவு செய்யுங்கள். பணம் அனுப்பினால் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், சில வகை ரான்சம்வேர்களுக்கு இலவசமாகவே சாவி கிடைக்கிறது. இன்று இல்லாத சாவி பிறகு வரக்கூடும் என்பதால் பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் வையுங்கள்.

அந்த வீட்டின் பூட்டிய ஃபைல்கள் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் என் கடை மேசை டிராயரில் இருக்கின்றன. சில மாதங்களுக்கு ஒருமுறை அதில் ஒரு ஃபைலை எடுத்து அந்தத் தளத்தில் போட்டுப் பார்க்கிறேன். அதற்குச் சாவி இன்னும் வரவில்லை.